பொதியும் பண்டசாலையும்: திறந்த மூலப் பணிசெயல் முறைமைகள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

திருகோணமலையின் உட்துறையைக் கண்டோர் சீனன்குடாவின் எண்ணெய்த் தாங்கிகளையும் கண்டிருப்பர். இரண்டாம் உலகப் போரை ஒட்டிய காலத்தில் ஆங்கிலக் கடற்படைக்கென எழுந்த அவை ஏறத்தாழ 100 ஆகும். நெடும்பயணத்துக்கு வேண்டிய எரிபொருள் அனைத்தையும் கப்பலொன்று தானே சுமத்தல் அரிது. ஆதலின் பலவற்றுக்கும் பொதுவான இருப்பு வழியிடைத் துறைகளிற் பேணப்பட்டது. கணினி மென்பொருள்களின் வரலாற்றிலும் இம்முறையே நிலைபெற்றது. தனித்தனியே சுமப்பதா, பொதுவில் வைத்து எடுப்பதா என்னும் வினாவே பொதி முகாமையின் தோற்றுவாய்.

நம் கரையோடு தொடர்புடைய சான்றொன்று உண்டு. 2004 டிசெம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை இத்தீவில் 30,000 பேருக்கு மேற்பட்டோரைக் கொண்டது. திருகோணமலைக் கரையும் அதில் அழிவுற்றது. காணாமற்போனோரையும் முகாம்களையும் உதவி நிறுவனங்களையும் பதிந்துவைக்க, லங்கா சொவ்ற்வெயார் பவுண்டேசனைச் சார்ந்தோரும் பிற தொண்டர்களும் சில கிழமைகளுள் ஆக்கிய கட்டற்ற மென்பொருளே ‘சகானா’. சிங்களத்தில் ஆறுதல், நிவாரணம் என்னும் பொருளுடைய சொல்லினின்று பிறந்தது இப்பெயர். சமுதாய நலன் பயக்கும் திட்டங்களுக்கெனக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை வழங்கும் 2006ஆம் ஆண்டுக்குரிய விருதை அது பெற்றது. பி.எச்.பி. மொழியில் எழுதப்பட்ட அதற்கு அப்பாச்சி என்னும் வலைச் சேவையகமும் மைசீக்குவல் என்னும் தரவுத்தளமும் இன்றியமையாதன. அவையும் தத்தமக்கு வேறு நூலகங்களை வேண்டி நிற்பன. இவ்வாறு ஒன்று மற்றொன்றை வேண்டி நிற்பதையே ‘சார்பு’ என்கிறோம். இடருற்ற வேளையில் இச்சங்கிலியின் கண்ணிகளை ஒவ்வொன்றாகத் தேடிப் பொருத்த யாருக்கு நேரம் உண்டு?

லினக்சு கருவை லைனஸ் ரோவால்ட்ஸ் 1991இல் வெளியிட்டார். 1993 யூலையில் பற்றிக் வொல்கடிங் வெளியிட்ட சிலாக்வெயாரில், பொதி என்பது கோப்புக்களைச் சேர்த்துக் கட்டிய கட்டு, அவ்வளவே. சார்புகளை ஆராயும் பொறுப்பு பயில்வோனுடையதாயிற்று. அடுத்த மாதமே இயன் மேர்டொக் டெபியனைத் தொடங்கினார். அதன் டிபிகேஜி என்னும் கருவிக்குரிய பொதி ஒவ்வொன்றும், தனக்கு வேண்டியன எவை, தன்னோடு முரண்படுவன எவை என்பவற்றைக் கூறும் குறிப்பேட்டைத் தன்னுள் கொண்டது. கப்பற் சரக்குப் பட்டியல் போன்றது அது. றெட் ஹற் நிறுவனம் 1995இல் ஆர்.பி.எம். என்னும் தன் பொதி வடிவைக் கொணர்ந்தது.

எனினும் குறை தீர்ந்ததில்லை. வேண்டிய பொருள் இல்லை என்று கருவி கூறும். அதைக் கொணர்ந்து தராது. கருவி சொன்னதைத் தேடிக் கொணர்ந்தால், அதுவும் வேறொன்றைக் கேட்கும். இதனை முதலில் செம்மையாகத் தீர்த்தது டெபியனின் ‘ஆப்ற்’ எனலாம். 1999 மார்ச்சில் வந்த டெபியன் 2.1 பதிப்பு அதனை உள்ளடக்கியது. சேய்மைக் களஞ்சியத்தின் பட்டியலைப் படித்து, சங்கிலி முழுவதையும் தானே கணித்து, உரிய ஒழுங்கில் அது நிறுவும். ஆர்.பி.எம். குடும்பத்துக்கு ‘யம்’ பின்னரே வாய்த்தது. 2015இல் பெடோரா 22இல் அதனிடத்தை ‘டி.என்.எவ்.’ பெற்றது. சென்னையில் சி-டாக் நிறுவனத்தார் ஆக்கிய ‘பொஸ்’ டெபியன் வழியினது. இலங்கையின் ‘ஹந்தான’ பெடோரா வழியினது.

பிரீபி.எஸ்.டி. வேறு வழி சென்றது. யோர்தான் ஹபர்ட் தொடங்கிய ‘போர்ட்ஸ்’ முறையில், மூல நிரலைத் தருவித்து அவ்விடத்திலேயே தொகுத்துக்கொள்ள வேண்டும். நெல்லை வாங்கி வீட்டிற் குற்றுவதை ஒக்கும் இது: தன் விருப்பப்படி செய்துகொள்ளலாம், நேரமோ மிகச் செல்லும். ஆயத்தப் பொதிகளும் அங்கு உண்டு. யூட்ரெக்ற் பல்கலைக்கழகத்தில் ஈல்கோ டோல்ஸ்ரா உருவாக்கிய ‘நிக்ஸ்’, ஒவ்வொரு பொதியையும் அதற்கேயுரிய தனியிடத்தில் வைக்கிறது. ஒரே நூலகத்தின் இரு பதிப்புக்கள் பூசலின்றி உடனுறையும். புதியது பிழைத்தால் பழைய நிலைக்கு மீளலாம். வட்டில் இடம் மிகுதியாகச் செலவாவதே அதற்குரிய விலை.

தொடங்குவோர் பெயர்வேறுபாட்டையும் அறிதல் வேண்டும். ‘லோகித்’ என்னும் தமிழ் எழுத்துருவின் பொதிப்பெயரில், எழுத்துருவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் டெபியனில் முதலிலும் பெடோராவில் இறுதியிலும் வரும். பொருள் ஒன்றே, ஒன்றன் பெயரை மற்றதனிடம் கேட்டால் இல்லையென்றே விடை வரும்.

இனி, பண்டசாலையை எவ்வாறு நம்புவது? 2007இல் வெளியான டெபியன் 4.0 முதலாக, களஞ்சியத்தின் மறையீட்டுக் கையொப்பத்தை ஆப்ற் சரிபார்த்து வருகிறது. வழியிற் பொதியை மாற்றுவோரை அது தடுக்கும். ஊற்றிலேயே நஞ்சு கலந்தால் என் செய்யும்? 2024 மார்ச்சில் நிகழ்ந்தது அதுவே. ‘எக்ஸ்செற்’ என்னும் சுருக்கக் கருவியின் பராமரிப்புப் பொறுப்பை ஈராண்டுக்கு மேலாக நயந்து பெற்ற ஒருவர், அதன் 5.6.0, 5.6.1 பதிப்புக்களிற் கள்ளவாயில் ஒன்றை மறைத்துவைத்தார். பொதி கட்டியோர் நேர்மையாளரே, கையொப்பமும் முறையானதே. சேய்மையிலிருந்து கணினியில் நுழையும்போது அரைச் செக்கன் அளவான தாமதத்தைக் கண்டு ஐயுற்ற அந்திரேஸ் பிறொயின்ட் என்னும் பொறியியலாளர் அதனை வெளிப்படுத்தினார்.

டெபியனின் நிலைத்த பதிப்பைக் கொண்டோர் தப்பினர். நஞ்சு அதன் சோதனைக் கிளைகளை மட்டுமே எட்டியிருந்தது. பழமையானவற்றையே தருகிறது என்று டெபியனை இகழ்வோர் இதனை எண்ணிப் பார்க்கலாம். ஆயினும் பிறொயின்ட் அதனைக் கண்டது டெபியனின் நிலையாக் கிளையிலேயே. புதியதை விரைந்து ஏற்போர் சிலர் இல்லையேல் அது நிலைத்த பதிப்பினுள்ளும் புகுந்திருத்தல் கூடும். எனவே கற்கத் தொடங்கும் மாணவன் நிலைத்த பதிப்பைக் கொள்வதே தக்கது என்பது என் துணிபு. சோதனைக் கிளையை ஆய்வுகூடத்தின் தனிக் கணினியொன்றில் வைத்துக்கொள்ளட்டும். இணைய இணைப்பு மெதுவாயுள்ள இடத்தில், ஒரு கணினி தருவித்த பொதிகளைச் சேமித்து ஏனையவற்றுக்கு வழங்கும் இடைத்தரகு மென்பொருளும் டெபியனின் களஞ்சியத்திலேயே கிடைக்கும்.