பெம்பிளை ஒருமை: மூணாறு எழுப்பிய கேள்வி

தோழர்களே, தொழிற்சங்க வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. சந்தா கட்டியவர் யார், பேச்சுவார்த்தை மேசையில் உட்கார்ந்தவர் யார்? 2015 செப்டம்பரில் மூணாறு தேயிலைத் தோட்டப் பெண்கள் இதைச் சாலையில் உட்கார்ந்து கேட்டார்கள்.

பிரிட்டிஷ் காலத்தில் கங்காணிகள் தமிழகத்திலிருந்து அந்த மலைக்கு அழைத்துச் சென்ற கூலிகளில் பெரும்பாலோர் நம் மக்கள். தலைமுறைகள் கடந்தும் அவர்களின் வாரிசுகள் லயங்களில்தான் வாழ்கிறார்கள். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு, மருத்துவம், பிள்ளைக் காப்பகம் ஆகியவற்றை முதலாளியின் கடமையாக்கியது. ஆனால் வீடு வேலையோடு பிணைந்தது. வேலை முடிந்தால் லயத்தைக் காலி செய்ய வேண்டும். கையளவு நிலமும் இல்லாத குடும்பத்துப் பெண் வாய் திறக்க எதைப் பணயம் வைக்கிறாள் என்பது இதில் தெரியும்.

மூணாறில் சங்கங்களுக்குப் பஞ்சமில்லை. இடதுசாரிக் கட்சிகளுக்கும் காங்கிரசுக்கும் அங்கே பழைய சங்கங்கள் உண்டு. கொழுந்து பறிப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள், தலைவர்கள் ஆண்கள். முந்தைய ஆண்டு 20 விழுக்காடாக இருந்த போனஸ் 10 விழுக்காடாகக் குறைக்கப்பட்டபோது, ஆயிரக்கணக்கான பெண்கள் வேலையை நிறுத்திச் சாலையை மறித்தார்கள். பேச வந்த சங்கத் தலைவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். பெண்களின் ஒற்றுமை என்று பொருள்படும் 'பெம்பிளை ஒருமை' அவர்களின் பெயரானது. ஒன்பது நாள் போராட்டத்தின் முடிவில், 8.33 விழுக்காடு போனசும் 11.67 விழுக்காடு கருணைத்தொகையுமாக 20 விழுக்காட்டையும் கம்பெனியிடமிருந்து வாங்கினார்கள்.

232 ரூபாய் நாள்கூலியை 500 ஆக்க வேண்டும் என்ற கோரிக்கையோ 301இல் நின்றது. நவம்பரில் உள்ளாட்சித் தேர்தலில் நின்று சில இடங்களை வென்றார்கள். பிறகு தலைமைக்குள் பிளவு வந்தது, கூட்டம் சுருங்கியது. நிலம் இன்னும் கைக்கு வரவில்லை. இவற்றை மறைத்து வெற்றிக்கதை மட்டும் சொன்னால், அடுத்து போராடப் போகிற பெண்களுக்கு நாம் உதவியவர்களாக மாட்டோம்.

அந்தப் போராட்டத்தைத் 'தன்னெழுச்சி' என்றே எழுதினார்கள். பின்னால் யாரோ இருக்கிறார்கள் என்றும் சந்தேகம் கிளப்பினார்கள். இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே எண்ணம்தான்: தலித் பெண்ணுக்குத் திட்டமிடத் தெரியாது. லயத்துக்கு லயம் பேசாமல், அடுப்பையும் பிள்ளையையும் யார் பார்ப்பது என்று முடிவு செய்யாமல், ஒன்பது நாள் சாலையில் உட்கார முடியுமா?

1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் ஆலைப் பெண்களின் பேறுகால உதவி மசோதாவை அண்ணல் அம்பேத்கர் ஆதரித்துப் பேசினார். மன்றத்துக்குள் நமக்கு ஒரு குரல் இருந்தது. மூணாறு பெண்கள் அதற்கு அடுத்த படியைக் கேட்டார்கள்: எங்களுக்காகப் பேசுகிற மேசையில் நாங்களே உட்கார வேண்டும்.

மாணவத் தோழர்களே, உங்கள் ஊர் சங்கத்தின் நிர்வாகிகள் பட்டியலை எடுத்துப் பாருங்கள். சந்தாப் புத்தகத்தையும் அருகில் வைத்துப் பாருங்கள். நம் வேலை அங்கே தொடங்குகிறது.