எட்டு பசங்களும் ஒரு பட்டறையும்

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன், பொறுத்துக்குங்க.

மூணாவது வருஷம் இஞ்சினியரிங் படிக்கும்போது ‘இன்ப்ளாண்ட் ட்ரெயினிங்’னு பத்து நாள் போகணும். ஒரு கம்பெனியில காசு கட்டினோம். காலையில ஏசி ரூம்ல பவர்பாயிண்ட் காட்டினாங்க, சாயங்காலமே சர்டிபிகேட் கையில. மிச்ச ஒன்பது நாள் கள்ளக்குறிச்சியில வீட்டுத் திண்ணையில தூக்கம்.

எதிர்த்த தெருவுல ஒரு மரச்சிற்பப் பட்டறை. என் வயசுப் பையன் ஒருத்தன் அங்க மாமாகிட்ட தொழில் கத்துக்கிட்டு இருந்தான். முதல் ஆறு மாசம் சீவலைக் கூட்டுறதும் உளி தீட்டுறதும்தானாம். ஆனா நான் பார்த்தப்போ திருவிழாவுக்குப் போற குதிரை வாகனத்தோட பிடரியைச் செதுக்கிட்டு இருந்தான். எனக்கு என்னவோ மாதிரி ஆயிடுச்சு.

சரி, வரலாற்றுக்கு வருவோம். நான் படிச்ச படிப்போட பூர்வீகம் தேடினா, அதுவும் ஒரு பட்டறைதான்!

1792-ல திப்பு சுல்தான்கிட்ட இருந்து சேலம், பாராமகால், திண்டுக்கல் பகுதியெல்லாம் கும்பினி கைக்கு வந்தது. நம்ம கல்வராயன் மலைக்கு மேற்கால இருக்கற சீமை. வரி போடணும்னா நிலத்தை அளக்கணும், அளக்க ஆள் இல்லை. மைக்கேல் டாப்பிங்னு ஒரு வானியலாளர் 1794 மே 17-ல, சென்னை கோட்டையில எட்டே எட்டு பசங்களை வச்சு ஒரு சர்வே பள்ளி ஆரம்பிச்சார். கணக்கும் வரைபடமும் படிச்ச பசங்க, சங்கிலியும் கருவியும் தூக்கிக்கிட்டு ஊர் ஊரா அளக்கப் போனாங்க. அந்தப் பள்ளிதான் 1859-ல இஞ்சினியரிங் காலேஜ் ஆச்சு, பிறகு கிண்டிக்குப் போச்சு. அப்ரண்டிஸ் முதல்ல, டிகிரி அப்புறம்!

இடையில எங்கயோ தலைகீழா ஆயிடுச்சு. அதைச் சரி பண்ண சட்டம் வந்தது. 1961-ல அப்ரண்டிஸ் சட்டம், அது தொழிற்சாலைத் தொழிலாளிகளுக்கு. 1973 திருத்தத்துல டிகிரி, டிப்ளமோ முடிச்ச இஞ்சினியர்களும் உள்ள வந்தாங்க. உதவித்தொகையில பாதியை மத்திய அரசு தரும். பி.ஏ., பி.காம். படிச்சவங்களுக்குக் கதவு திறக்க 2014 ஆயிடுச்சு.

இதுல ஒரு வேடிக்கை. டெல்லியில இஞ்சினியருக்கு அப்ரண்டிஸ் பயிற்சின்னு சட்டம் திருத்தின 1973-ல, கல்வராயன் மலை இன்னும் ஜாகீர்தார்கள் கையில இருந்தது. 1976-லதான் அரசாங்கத்துக்கு வந்தது. இன்னிக்கு அங்க இருந்து கீழ இறங்கி வந்து பி.ஏ. படிக்கிறவங்க வீட்டுல அவங்கதான் முதல் தலைமுறை. சட்டப்படி அவங்களுக்கும் பயிற்சி உண்டு. ஆனா பயிற்சி தர்ற கம்பெனி பெரும்பாலும் சென்னையிலயும் ஓசூர்லயும் இருக்கு. உதவித்தொகை ரூம் வாடகைக்குப் பத்துமா?

எனக்குத் தோணுறது இதுதான். டாப்பிங்குக்கு அந்தப் பசங்க தேவைப்பட்டாங்க, அவங்க அளக்கலைன்னா மேப் இல்லை. பட்டறை மாமாவுக்கும் அந்தப் பையன் தேவை, இல்லைன்னா திருவிழாவுக்கு வாகனம் போய்ச் சேராது. எங்க பத்து நாள்ல நாங்க யாருக்குமே தேவைப்படலை. அதனாலதான் ஒண்ணும் கத்துக்கலை. (டாப்பிங் தர்மம் பண்ணலை, கும்பினிக்கு வரி வேணும். அது வேற கதை.)

2021-ல கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு புவிசார் குறியீடு கிடைச்சது. அந்தப் பையன் இப்போ தனியா பட்டறை வச்சிருக்கான், அவன்கிட்ட ரெண்டு பேர் உளி தீட்டுறாங்க. நான் பொட்டி தட்டிக்கிட்டு இருக்கேன். வேலையில சேர்ந்த முதல் வருஷம், ஒரு சீனியர் பக்கத்துல உட்கார வச்சு பக் திருத்தச் சொல்லிக்கொடுத்தார். அதுதான் என்னோட உளி தீட்டுற ஆறு மாசம்.

அந்த சர்டிபிகேட் இன்னும் பீரோவுல பத்திரமா இருக்கு. இதுவரைக்கும் யாரும் கேட்கலை :-)