ஏழு குறில், ஒரு நெடில்

காலை நடையில் என்னோடு வரும் நண்பர் ஒருவர் போன வாரம் ஒரு சந்தேகம் கேட்டார். அவருடைய மகன் அப்பா அம்மாவைச் சொகுசுக் கப்பலில் அழைத்துப் போகப் போகிறானாம். "ஏறின உடனே ஏதோ டிரில் உண்டாமே சார், முட்டி வலியோடு அதுக்கெல்லாம் போகணுமா? ரூமிலேயே உட்கார்ந்துவிட்டால் என்ன?" என்றார்.

"கட்டாயம் போங்கள்" என்று சொன்னேன். ஏன் என்று கேட்டார். நடை முடிவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயமாக அது இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

முப்பது வருஷத்துக்கு மேல் நான் தாம்பரம்–பீச் மின்சார ரயிலில் கார்டாக இருந்தவன். எங்கள் வேலையே மணியும் விசிலும்தான். கார்டு இரண்டு மணி அடித்தால் வண்டி கிளம்பும், ஒன்று அடித்தால் நிற்கும். பேச்சே கிடையாது. அதேபோல் கப்பலுக்கும் ஒரு பாஷை உண்டு. ஏழு முறை குட்டையாக ஊதி, எட்டாவது முறை நீளமாக ஊதினால் ஆபத்து என்று பொருள். நம் இலக்கண வகுப்பு பாணியில் சொன்னால் ஏழு குறில், ஒரு நெடில். உலகத்தில் எந்தக் கொடி பறக்கிற பயணிக் கப்பலானாலும் இதுதான். அதைக் கேட்டதும் கையில் இருப்பதை வைத்துவிட்டு, லைஃப் ஜாக்கெட்டோடு, நமக்கென்று குறித்த இடத்தில் போய் நிற்க வேண்டும். அந்த இடத்துக்கு மஸ்டர் ஸ்டேஷன் என்று பெயர். 'மஸ்டர் ரோல்' பார்த்துச் சம்பளம் வாங்கிய நம் போன்றவர்களுக்கு அந்த வார்த்தை புதிதல்ல. ஆள் எண்ணும் இடம், அவ்வளவுதான்.

இந்த ஒத்திகைக்குப் பின்னால் பெரிய சரித்திரம் இருக்கிறது. எல்லோரும் அறிந்தது டைட்டானிக். 1912 ஏப்ரலில் அது மூழ்கியபோது கப்பலில் ஏறத்தாழ 2,200 பேர். இருந்த 20 படகுகளில் 1,178 பேருக்குத்தான் இடம். படகு போதாமல் செத்தார்கள் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். அது பாதி உண்மைதான். அந்த 1,178 இடத்தில்கூடச் சுமார் 700 பேர்தான் பிழைத்தார்கள். 65 பேர் ஏறக்கூடிய முதல் படகு 28 பேரோடு கீழே இறங்கியது. எங்கே போக வேண்டும், எந்தப் படகு நமக்கு, அதை நம்பி ஏறலாமா என்பது பயணிகளுக்குத் தெரியாது. படகில் எத்தனை பேரை ஏற்றலாம் என்பதில் மாலுமிகளுக்கே தெளிவில்லை. இடம் காலியாக இருக்கும்போதே ஜனங்கள் செத்தார்கள்.

அதன் விளைவாக 1914 ஜனவரியில் லண்டனில் பல நாடுகள் கூடி, கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான முதல் சர்வதேச உடன்படிக்கையை எழுதின. முதல் உலகப் போர் குறுக்கிட்டதால் அது நடைமுறைக்கு வரவில்லை. 1929-ல் மறுபடியும் எழுதினார்கள். கப்பலில் உள்ள அத்தனை பேருக்கும் படகில் இடம் வேண்டும், ஒத்திகை நடத்த வேண்டும் என்பதெல்லாம் அப்படித்தான் சட்டமாயின.

ஆனால் 'அத்தனை பேருக்கும்' என்பதில் நம்மவர்கள் முழுதாகச் சேரவில்லை. இது எனக்கே ஓய்வு பெற்ற பிறகு படித்தபோதுதான் தெரிந்தது.

என் அப்பா 1937-ல் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்கு போனவர். பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் அந்தக் கப்பல் 1926-ல் கட்டப்பட்டது. டெக் பயணிகள் என்று அழைக்கப்பட்ட, பாயை விரித்துத் தளத்தில் படுத்துக்கொண்டு போகிறவர்களை ஐயாயிரத்துக்கும் மேல் ஏற்றிச் செல்ல அதற்கு ஆரம்ப காலத்தில் உரிமம் இருந்தது. அத்தனை பேருக்கும் படகு வைப்பதென்றால் கப்பலில் வேறு எதுவும் வைக்க முடியாது. இந்தச் சிக்கலுக்காகவே, ஹஜ் யாத்திரைக் கப்பல்களையும் நம் டெக் பயணிக் கப்பல்களையும் மனத்தில் வைத்து, 1931-ல் சிம்லாவில் தனி விதிகள் செய்தார்கள். சிம்லா விதிகள் என்றே அதற்குப் பெயர். கப்பலின் கட்டுமானத்திலும் உயிர்காப்புச் சாதனங்களிலும் இந்தக் கப்பல்களுக்குச் சில தளர்வுகள் கொடுக்கப்பட்டன. உலகமே பொதுவிதி எழுதியபோது, இந்தியப் பெருங்கடலில் பாய் விரித்துப் படுத்தவர்களுக்கு மட்டும் ஒரு படி இறக்கி எழுதினார்கள். அந்த விதிகள் பழசாகிவிட்டன என்று 1971-ல் புதிய உடன்பாடு செய்து, 1974-ன் தொடக்கத்தில் அமலுக்குக் கொண்டுவந்தார்கள். அதற்குள் ரஜூலா மலேயா ஓட்டத்தையே முடித்துக்கொண்டுவிட்டது.

அப்பா ரஜூலாவைப் பற்றி நிறையச் சொல்லியிருக்கிறார். சாப்பாடு, வாந்தி, சீட்டுக் கச்சேரி, நாகூர் ஆண்டவருக்கு நேர்ந்துகொண்டவர்கள் எல்லாம் அதில் வரும். லைஃப் ஜாக்கெட்டைப் பற்றி ஒரே ஒரு முறை சொன்னார். "தலைக்கு வைத்துக்கொள்ள நன்றாக இருக்கும்" என்றார். அந்தக் காலத்தில் அதற்குள் தக்கை அல்லது இலவம்பஞ்சு அடைத்திருப்பார்கள். இலவம்பஞ்சு என்றால் நம் ஊர்க்காரனுக்குத் தலையணைதானே!

அதே கம்பெனியின் 'தாரா' என்ற கப்பல், பம்பாய்க்கும் வளைகுடா நாடுகளுக்கும் இடையே ஓடியது. 1961 ஏப்ரல் 8 அதிகாலையில் துபாய் அருகே வெடி விபத்தும் தீயும். 800-க்கும் மேற்பட்டவர்கள் இருந்த கப்பலில் 238 பேர் மாண்டார்கள். புயலுக்குப் பயந்து துறைமுகத்தை விட்டுக் கிளம்பியபோது, சரக்கு ஏற்ற வந்தவர்கள், வழியனுப்ப வந்தவர்கள்கூட உள்ளேயே இருந்தார்கள். அளவுக்கு மீறி ஆள் ஏறியதில் ஒரு படகு கவிழ்ந்தது. யார் எங்கே நிற்க வேண்டும் என்று தெரியாத கூட்டத்துக்கு இருட்டும் புகையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டாம்.

இனி என் கதை. 1979-ல் பினாங்கில் இருந்த பெரியம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று கடிதம் வந்தது. அம்மாவை அழைத்துக்கொண்டு நான் 'சிதம்பரம்' கப்பலில் போனேன். பிரான்சில் கட்டி, 1966-ல் 'பாஸ்டர்' என்ற பெயரில் தென்னமெரிக்காவுக்கு ஓடத் தொடங்கிய கப்பல் அது. எழுபதுகளின் தொடக்கத்தில் இந்தியக் கப்பல் கழகம் அதை வாங்கிப் பெயர் மாற்றிச் சென்னை–சிங்கப்பூர் தடத்தில் விட்டது. உங்களில் பலர் அதில் போயிருப்பீர்கள், இல்லையென்றால் துறைமுகத்துக்குப் போய் யாருக்காவது கையாவது ஆட்டியிருப்பீர்கள்.

கப்பல் கிளம்பிய பிறகு சங்கு ஊதியது. ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தது. நான் அப்போதுதான் மேல் படுக்கையில் சாய்ந்திருந்தேன். முந்தின நாள் இரவு ஷிப்ட் முடித்து வந்த அலுப்பு. "நான் பார்க்காத விசிலா? நீ வேணும்னா போய்ட்டு வா" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

அம்மா போனாள். மடிசார் இல்லை, சாதாரணப் புடவைதான். அதன் மேல் ஆரஞ்சு நிற ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு மற்ற பெண்களோடு வெயிலில் நின்றுவிட்டு வந்தாள். வந்ததும் எனக்குப் பாடம் எடுத்தாள். "கயிறை முதுகுப் பக்கமா சுத்திக் கொண்டுவந்து முன்னாடி இறுக்கி முடி போடணுமாம். தளர்ச்சியா விட்டா தண்ணியிலே குதிக்கிறப்போ மோவாயிலே இடிக்குமாம். நம்ம இடம் இடது பக்கப் படி ஏறி ரெண்டாவது வாசல். எழுந்து வா, காட்டறேன்." நான் எழுந்திருக்கவில்லை. ஊர் திரும்பும் வழியிலும் போகவில்லை.

1985 பிப்ரவரியில் ஒரு காலை, டூட்டிக்குக் கிளம்பும்போது பேப்பரைப் பார்த்தேன். சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு வந்துகொண்டிருந்த சிதம்பரம் கப்பலில் நடுக்கடலில் தீ. நாற்பது பேரளவில் இறந்துபோனார்கள். அதோடு அந்தக் கப்பலின் பயணி ஓட்டம் முடிந்தது. தமிழ்நாட்டுக்கும் மலேசியா, சிங்கப்பூருக்கும் நடந்துவந்த தலைமுறை தலைமுறையான கப்பல் போக்குவரத்தும் ஏறக்குறைய அதோடு முடிந்தது. உடைப்பதற்கு விற்றுவிட்டார்கள்.

பேப்பரை மடித்து வைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அந்தத் தீயில் யார் பிழைத்தார்கள், எதனால் பிழைத்தார்கள் என்று எனக்குச் சொல்லத் தகுதியில்லை. நான் நினைத்தது என்னைப் பற்றித்தான். ஆறு வருஷத்துக்கு முன் அதே கப்பலில் விளக்கு அணைந்து புகை சூழ்ந்திருந்தால், வண்டி ஓட்டுகிற மகன் வழி தெரியாமல் முழித்திருப்பான், நாலாம் வகுப்பு படித்த அம்மா அவனைக் கைபிடித்து அழைத்துப் போயிருப்பாள்.

அம்மா 1998-ல் காலமானாள். அவள் சொல்லிக்கொடுத்த முடிச்சு எனக்குத் தேவைப்பட்டது கடலில் அல்ல, முடிச்சூரில்.

2015 டிசம்பர் முதல் வாரம் நம் பக்கத்தில் யாருக்கும் மறக்காது. அடையாறு கரை மீறி, முடிச்சூரும் வரதராஜபுரமும் ஒரே ஏரியானது. எங்கள் வீட்டுக் கீழ்த்தளம் முழுகி, மாடியில் மெழுகுவர்த்தியோடு இரவைக் கழித்தோம். மறுநாள் மீட்புப் படகு தெருவுக்கே வந்தது. படகில் வந்த பையன் இரண்டு லைஃப் ஜாக்கெட்டை எங்களிடம் நீட்டினான். என் மனைவிக்கு அதை மாட்டிவிட எனக்குத் தெரியவில்லை. பட்டை எது, கொக்கி எது என்று புரியாமல் கை நடுங்கியது. பையன் ஏறி வந்து, பட்டையை முதுகுப் பக்கமாகச் சுற்றி முன்னால் கொண்டுவந்து இறுக்கினான். "தளர்ச்சியா இருந்தா மோவாயில இடிக்கும் பாட்டி" என்றான்.

அம்மா பேசியது போலவே இருந்தது. படகில் உட்கார்ந்து அழுதேன். வீடு போன துக்கத்தில் அழுகிறேன் என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

கடல் சட்டமும் இப்படி அடிபட்டுத்தான் கற்றுக்கொள்கிறது. முன்பெல்லாம் பயணிகள் ஏறி 24 மணி நேரத்துக்குள் ஒத்திகை நடத்தினால் போதும். 2012 ஜனவரி 13 இரவு, இத்தாலியில் கோஸ்டா கான்கார்டியா என்ற பெரிய கப்பல் ஒரு தீவை ஒட்டிப் போய்ப் பாறையில் மோதியது. 4,200-க்கும் மேற்பட்டவர்கள் கப்பலில் இருந்தார்கள். அன்று மாலை ஏறிய சுமார் 700 பேருக்கு ஒத்திகை மறுநாள் என்று குறித்திருந்தார்கள். விதிப்படி அதில் தப்பில்லை. கப்பலைக் கைவிடும் உத்தரவு ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதமாக வந்தது. 32 பேர் இறந்தார்கள். அதன் பிறகு 2015 ஜனவரி 1 முதல் விதி மாறியது. கப்பல் கிளம்பும் முன்பே, அல்லது கிளம்பின உடனே, ஒத்திகை நடத்த வேண்டும். உங்கள் முட்டி வலியைக் கேட்டு அந்த விதி வரவில்லை நண்பரே, அந்த 32 பேரைக் கேட்டு வந்தது.

2022 ஜூனில் நம் சென்னைத் துறைமுகத்திலிருந்து உல்லாசக் கப்பல் கிளம்பத் தொடங்கியது. அந்த வருஷம் பிள்ளை வற்புறுத்தி எங்களையும் கூட்டிப் போனான். அறிவிப்பு வந்தபோது, என் மனைவி வியப்பாகப் பார்க்க, நான்தான் முதலில் எழுந்தேன். அறைக் கதவிலிருந்து படிக்கட்டு வரை எத்தனை கதவு என்று எண்ணினேன். புகையில் கண் தெரியாவிட்டாலும் கை எண்ணும் இல்லையா! மஸ்டர் ஸ்டேஷனில் எங்களுக்குப் பக்கத்தில் ஓர் இளைஞன் போனை நோண்டிக்கொண்டு "இது சும்மா ஃபார்மாலிட்டி அங்கிள்" என்றான். 28 வயதில் மேல் படுக்கையில் சாய்ந்திருந்த ஒருவனை எனக்கு நன்றாகத் தெரியும். அதனால் கோபம் வரவில்லை. அம்மா சொன்ன முடிச்சை அவனுக்குச் சொல்லிக்கொடுத்தேன். சிரித்துக்கொண்டே கட்டிக்கொண்டான்.

கப்பல் போகிற நண்பர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். அறைக் கதவின் பின்புறம் ஒட்டியிருக்கும் வரைபடத்தைப் பெட்டியைத் திறக்கும் முன் படியுங்கள். உங்கள் மஸ்டர் ஸ்டேஷன் எண்ணை மனப்பாடம் செய்யுங்கள். நடக்கச் சிரமம் என்றால் ஏறும்போதே சொல்லிவையுங்கள், உதவிக்கு ஆள் குறிப்பார்கள். இரண்டு நாளுக்குத் தேவையான மாத்திரைகளையும் மூக்குக் கண்ணாடியையும் ஒரு சிறு பையில் போட்டுக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். ஆபத்தில் லிஃப்டை நம்பாதீர்கள். பல கப்பல்களில் இப்போது விளக்கப் படத்தைக் கைபேசியில் காட்டுகிறார்கள். அதைப் பார்த்தாலும், உங்கள் இடம் வரை ஒரு முறை காலால் நடந்து பாருங்கள்.

கடைசியாக ஒன்று. எங்கள் குடியிருப்பில் வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்குத் தீயணைப்பு ஒத்திகை வைத்திருக்கிறோம். போன முறை நாற்பது வீட்டிலிருந்து ஆறு பேர்தான் வந்தார்கள். இந்த முறை வாட்ஸ்அப்பில் செய்தி போடுவதோடு விடுவதாக இல்லை. என் பழைய கார்டு விசில் இன்னும் பீரோவில் இருக்கிறது. ஏழு குறில், ஒரு நெடில்.