இரண்டு இரும்புகளின் நடுவே ஒரு தகடு

மோட்டார் எஞ்சினைப் பற்றிப் பேசுவோர் அதன் முசலத்தைப் புகழ்வர். எரிபொருளைப் பீய்ச்சும் கருவியின் நுட்பத்தை வியப்பர். அதன் வலு இத்தனை குதிரைக்குச் சமமென்று கணக்குச் சொல்வர். எஞ்சினின் உடலுக்கும் அதன் தலைக்கும் நடுவே, கண்ணுக்குத் தெரியாமல் நசுங்கிக் கிடக்கும் காஸ்கட் என்னும் மெல்லிய தகட்டை நினைப்பார் அரியர். அது கெட்ட அன்றுதான் அதன் பெயரே வண்டிக்காரரின் செவியில் விழுகின்றது. ஆயினும், சாதாரண மனிதன் தன் வண்டியைத் தானே திருத்திக்கொள்ள முடிந்த ஒரு காலம் எவ்வாறு தோன்றிற்று, பின்னர் எவ்வாறு அவன் கையைவிட்டு நழுவிற்று என்பதை அறிய விரும்புவோருக்கு இத்தகட்டின் வரலாற்றைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

முதலில் அதன் தொழிலைப் பார்ப்போம். எஞ்சினின் உடலிலே உருளைகள் குடையப்பட்டிருக்கின்றன. அவற்றின் மேல்வாயை மூடுவது தலை. இரண்டும் கனத்த உலோகம். இரண்டும் எவ்வளவுதான் தேய்த்து மட்டப்படுத்தப்பட்டாலும் ஒன்றோடொன்று முற்றாகப் படிவதில்லை. போதாக்குறைக்கு, சூடேறும்போது இரண்டும் ஒரே அளவில் விரிவதுமில்லை. இந்த இடைவெளியைக் காஸ்கட் அடைக்க வேண்டும். உருளைக்குள் வெடித்தெழும் தீவாயு ஒருபுறம், எஞ்சினைக் குளிர்விக்கும் நீர் மறுபுறம், உராய்வைத் தணிக்கும் எண்ணெய் இன்னொருபுறம். தம்முள் ஒருபோதும் கலக்கக்கூடாத இம்மூன்றையும் ஒரு மில்லிமீற்றர் அளவே தடித்த ஒரு தகடு பிரித்து வைத்திருக்கின்றது. அது ஓரிடத்தில் விட்டுக்கொடுத்தாலும் நீர் நெருப்போடும் எண்ணெயோடும் கலந்து, எஞ்சின் தன்னைத்தானே அழித்துக்கொள்ளத் தொடங்கும்.

மோட்டார் வண்டி பிறந்த காலத்தில் இந்தத் தொல்லையைப் பலர் முற்றாகத் தவிர்த்துவிட்டனர். உருளையையும் அதன் தலையையும் ஒரே வார்ப்பாக வார்த்தார்கள். பொருத்து இல்லையெனின் கசிவும் இல்லை. ஆனால் அதற்கொரு விலை இருந்தது. அந்நாளைய எரிபொருளும் எண்ணெயும் உருளைக்குள் கரியை அப்பிவிடும். அக்கரியைச் சுரண்ட வேண்டுமாயின் உருளையையே கழற்ற நேரும். அதற்குப் பட்டறை வேண்டும். பழகிய கை வேண்டும்.

1908ஆம் ஆண்டு ஒக்ரோபரில் ஹென்றி போர்ட் வெளியிட்ட ‘மொடல் டி’ வண்டியில் நான்கு உருளைகளும் ஒரே கட்டியாக வார்க்கப்பட்டு, தலை மட்டும் தனியே கழற்றத்தக்கதாக அமைந்தது. நடுவே, இரண்டு மெல்லிய செப்புத் தகடுகளுக்கிடையில் கல்நாரை வைத்து அமுக்கிய ஒரு காஸ்கட். போர்ட் நிறுவனம் வாங்குவோருக்கென்று வெளியிட்ட கைந்நூல் வினாவிடையாகவே எழுதப்பட்டிருந்தது. தலையைக் கழற்றுவது எப்படி, கரியை நீக்குவது எப்படி என்று வினா எழுப்பி, விடையையும் அதுவே சொல்லிற்று. பதினைந்து போல்ட்டுகளைக் கழற்றத் தெரிந்த எவரும் தம் வீட்டு முற்றத்திலேயே அவ்வேலையை முடிக்கலாம். 1927 வரை விற்கப்பட்ட ஒன்றரைக் கோடி வண்டிகளில் மிகப் பல பட்டணத்தையும் பட்டறையையும் எட்டாத கமக்காரரிடம் சென்றன. 1925இல் பின்புறம் சாமான் பெட்டியுடன் 281 டொலர் விலையில் அதே வண்டி வெளிவந்தபோது, தொழிற்சாலையிலேயே முழுமையாகச் செய்யப்பட்ட போர்ட் பிக்கப் பிறந்தது. கசியக்கூடிய ஒரு பொருத்தை ஏற்றுக்கொண்டு, அதற்கு ஈடாகத் திருத்தும் உரிமையைப் பெற்றுக்கொண்ட உடன்படிக்கை என்று இதனைச் சொல்லலாம்.

இவ்வுடன்படிக்கைக்குச் சோதனையாய் வந்த கருவி அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே ஒருவரின் சிந்தையில் உதித்துவிட்டது. எஞ்சினில் எரியும் எரிபொருளின் சத்தில் பெரும்பங்கு சூடாகவும் புகையாகவும் வீணே வெளியேறுகின்றது. அந்தப் புகையைக் கொண்டே ஒரு சுழலியைச் சுற்றி, அச்சுழலியின் மறுமுனையில் பூட்டிய விசிறியால் வெளிக்காற்றை நெருக்கி உருளைக்குள் திணித்தால், அதே அளவு எஞ்சின் கூடுதல் எரிபொருளை எரித்துக் கூடுதல் வலுவைத் தருமன்றோ? சுவிற்சர்லாந்துப் பொறியியலாளர் அல்பிரட் பியூகி 1905இல் இக்கருத்துக்குக் காப்புரிமை கோரினார். ‘டேர்போ’ என்று இன்று வழங்குவது இதுவே. கருத்து நடைமுறைக்கு வர ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழிந்தன. 1920களில் இரண்டு ஜேர்மன் பயணிகள் கப்பல்களின் டீசல் எஞ்சின்களில் அதனைப் பூட்டியபோது, 1,750 குதிரைவலு 2,500 ஆக உயர்ந்தது. இடையே 1918இல் அமெரிக்காவில் சான்போர்ட் மொஸ் என்பவர் ஒரு விமான எஞ்சினை லொறியில் ஏற்றி, 14,000 அடிக்கு மேற்பட்ட பைக்ஸ் சிகரத்துக்குக் கொண்டு சென்றார். காற்று மெலிந்த அவ்வுச்சியில் 230 குதிரைவலுவுக்குத் தாழ்ந்த எஞ்சின், டேர்போ பூட்டியதும் 356 குதிரைவலு காட்டிற்று. கடல்மட்டத்தில் அதன் வலு 350 மாத்திரமே!

எண்களைக் கேட்டு மகிழ்வோர் ஒன்றை மறந்துவிடக்கூடாது. திணித்த காற்று சும்மா இருப்பதில்லை. உள்ளே எழும் அமுக்கம் கூடக்கூட, தலையை உடலிலிருந்து பிரித்து மேலே தள்ளும் விசையும் கூடுகின்றது. ஓட்டப் பந்தயக்காரர் இதனை நன்கு அறிந்திருந்தனர். இண்டியானாபொலிஸ் பந்தயத்தில் புகழ்பெற்ற ஒபன்ஹவுசர் எஞ்சினில் தலையும் உருளைகளும் பழைய முறைப்படி ஒரே வார்ப்பாகவே இருந்தன. 1966 முதல் அதற்கு டேர்போ பூட்டப்பட்டது. 1968இல் பொபி அன்சர் அத்தகைய எஞ்சினோடு வென்றார். காஸ்கட்டே இல்லாத எஞ்சினில் காஸ்கட் பிய்வது எங்ஙனம்? ஆனால் பந்தய எஞ்சினை ஓட்டத்துக்கு ஓட்டம் பிரித்துப் பூட்டக் கூலிக்கு ஆட்கள் உண்டு. வைக்கோல் ஏற்றுபவனுக்கு அவ்வசதி ஏது?

பிக்கப் வண்டியிலே டேர்போ டீசலை நிலைநாட்டியது 1989ஆம் ஆண்டு மாதிரியாக வந்த டொட்ஜ் ராம் எனலாம். அதில் பூட்டிய கமின்ஸ் எஞ்சின், நடுத்தர லொறிக்கும் வயல் இயந்திரத்துக்கும் என்று படைக்கப்பட்டது, 5.9 லீற்றர் கொள்ளளவில் 160 குதிரைவலுவே கொடுத்தது. ஒவ்வோர் உருளையையும் சுற்றி ஆறு போல்ட்டுகள் தலையைப் பிடித்திருந்தன. அடக்கமான வலுவும் தாராளமான பிடியும் சேர்ந்த அந்த எஞ்சின் நெடுங்காலம் உழைத்ததில் வியப்பில்லை. ஆனால் இழுவைத் திறனை எண்ணாற் சொல்லி விற்கும் போட்டி அத்துடன் தொடங்கிவிட்டது.

அப்போட்டியிலே 2003ஆம் ஆண்டு மாதிரியாக வந்தது போர்ட் நிறுவனத்தின் 6 லீற்றர் ‘பவர் ஸ்ட்ரோக்’. எஞ்சினைச் செய்து கொடுத்தது நவிஸ்ரார் நிறுவனம். எட்டு உருளைகள், 325 குதிரைவலு. இங்கே ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தல் நன்று. மொடல் டி வண்டியின் உருளை 3¾ அங்குல விட்டமுடையது. அதாவது ஏறத்தாழ 95 மில்லிமீற்றர். பவர் ஸ்ட்ரோக்கின் உருளையும் 95 மில்லிமீற்றரே! நான்கு உருளையில் 20 குதிரைவலு தந்த மொடல் டியிலே ஓர் உருளையின் பங்கு ஐந்து. புதியதிலே ஓர் உருளையின் பங்கு நாற்பது. அதே வட்டம், எட்டு மடங்கு வேலை. டேர்போ டீசலில் எரிதலின் உச்சத்தில் வளிமண்டல அமுக்கத்தைப்போல் 150 மடங்கு எழுவது இயல்பு. அவ்வட்டத்தின் மேல் அது ஏற்றும் விசை பத்துத் தொன்னுக்கு மேல். நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும்போது ஒவ்வோர் உருளையும் விநாடிக்கு 25 தடவை இவ்வாறு தலையை உதைக்கின்றது. இதனைத் தாங்க உருளைக்கு ஆறு பெரிய போல்ட்டுகள் இருந்த இடத்திலே, இப்புதிய எஞ்சினில் நான்கே வைக்கப்பட்டன.

காஸ்கட் மாத்திரம் பழையதன்று. கல்நார் மனிதரின் நுரையீரலைக் கெடுப்பதென்று தெளிவானபின் அது விலக்கப்பட்டு, உருக்குத் தகடுகள் பலவற்றை அடுக்கி, விளிம்புகளில் வில்போல் மேடு எழுப்பிய புதுவகைக் காஸ்கட்டுகள் வந்திருந்தன. அவற்றுள் ஒன்றே இந்த எஞ்சினிலும் இருந்தது. ஆகவே, “காஸ்கட் போய்விட்டது” என்று ஊரெல்லாம் சொன்னபோது, பழி விழுந்த இடம் வேறு, குற்றம் பிறந்த இடம் வேறு.

குற்றம் பெரும்பாலும் எஞ்சினின் நடுப்பள்ளத்திலே தொடங்கிற்று. அங்கே எண்ணெயைக் குளிர்விக்கும் ஒரு சிறு கருவி உண்டு. அதன் நுண்ணிய வழிகளைக் குளிர்நீரிலே மிதக்கும் மண்டியும் வார்ப்பு மணலும் மெல்ல அடைத்தன. அதைக் கடந்த நீரே அடுத்ததாகப் புகைக் குளிர்விப்பானுக்குச் செல்ல வேண்டும். நைதரசன் ஒட்சைட்டு என்னும் நச்சைக் குறைக்கும்பொருட்டு, வெளியேறும் புகையில் ஒரு பகுதியைக் குளிர்வித்து மீண்டும் உருளைக்கு அனுப்பும் ஏற்பாடு அது. நீர் குறைந்ததும் அக்கருவி கொதித்து வெடித்தது; எஞ்சிய நீர் உருளைக்குள் புகுந்தது. காற்றைப்போல் நீர் அமுங்குவதில்லை. உள்ளே அமுக்கம் எல்லைமீறி எழ, நான்கு போல்ட்டுகளும் சற்றே நீண்டுகொடுத்தன; தலை மயிரிழையளவு எழுந்தது; தீவாயு குளிர்நீருக்குள் பாய்ந்தது. குதிரை வண்டியையோ வைக்கோற் சுமையையோ இழுத்து மலையேறுபவர், குளிர்நீர்ப் போத்தல் பொங்கி வழிவதையும் வெண்ணிற ஆவியையும் கண்டு வண்டியை ஓரங்கட்டினார். மின்னணுக் கருவியில் கைவைத்துத் தம் எஞ்சினின் வலுவை மேலும் ஏற்றிக்கொண்டோர் சிலரும் உண்டு. அவர்களுக்கு இந்நாள் விரைவில் வந்தது.

அதன்பின் நடக்க வேண்டிய வேலையை மொடல் டியின் கைந்நூலோடு ஒப்பிட்டால் காலத்தின் மாற்றம் விளங்கும். எஞ்சின் சாரதிக் கூட்டின் அடியிலே ஆழப் புதைந்து கிடப்பதால், திருத்துநர் பலர் முழுக் கூட்டையுமே அடிச்சட்டத்திலிருந்து கழற்றி உயரே தூக்கிவிடுகின்றனர். பின்பு டேர்போ, காற்றுக் குழாய்கள், எரிபொருள் பீய்ச்சிகள் என ஒவ்வொன்றாய்க் களைந்து, போல்ட்டுகளை விடுவித்துத் தலைகள் இரண்டையும் இறக்க வேண்டும். நேர்விளிம்புச் சட்டத்தை மேலே வைத்து, அடியில் மெல்லிய அளவுத் தகட்டைச் செருகி, தலை வளைந்திருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். அவசரக்காரர் சுழலும் தேய்ப்புத் தட்டால் பரப்பைத் துடைத்துவிடுவர். அதன் பொடி எண்ணெயில் கலந்து தாங்கிகளைத் தின்னும் என்பதை அவர் பின்னரே அறிவர். காஸ்கட்டிலும் ஒரு பொறி இருந்தது. தலையை இடத்தில் நிறுத்தும் முளைகள் முந்திய எஞ்சின்களில் 18 மில்லிமீற்றரும் பிந்தியவற்றில் 20 மில்லிமீற்றரும் ஆனபடியால், பாராமல் வாங்கியவர் இன்னொருமுறை கடைக்கு நடக்க வேண்டியதே. பழைய போல்ட்டுகளை மீண்டும் பூட்டலாகாது. அவை தம் மீள்தன்மையைக் கடந்து இழுபடும்படி இறுக்கப்படுபவை. ஒருமுறை நீண்டது பழையபடி சுருங்காது.

இவ்விடத்திலேதான் பெருநிறுவனங்களின் மேசைகளில் பிறவாத ஒரு தீர்வு சிறு கராஜ்களில் வேரூன்றிற்று. போல்ட்டை எடுத்துவிட்டு, இரு முனையும் புரிவெட்டிய வலிய உருக்குத் தண்டை முதலில் உடலில் நட்டு, அதன்மேல் தலையை இறக்கி, நட்டினால் இறுக்கும் முறை அது. போல்ட்டை முறுக்கும்போது அதன் உடல் திருகவும் நீளவும் வேண்டியிருக்கின்றது. தண்டோ பெரும்பாலும் நீட்சியை மாத்திரமே ஏற்பதால், பிடி சீராகவும் உறுதியாகவும் அமைகின்றது. நடுவிலிருந்து வெளிநோக்கி, படிப்படியாக, முறுக்குவிசை அளக்கும் சாவியால் இறுக்க வேண்டும். அடைபட்ட எண்ணெய்க் குளிர்விப்பானையும் உடன் மாற்றாதவர், புதுக் காஸ்கட்டைப் பழைய நோய்க்கே இரையாக்கினார்.

மேல்மட்டத்திலோ நிறுவனங்கள் இரண்டும் வழக்காடின. உத்தரவாதச் செலவு யாருடையது என்ற பிணக்கில் 2007 சனவரியில் போர்ட் நவிஸ்ரார் மீது வழக்குத் தொடுத்தது. அடுத்த மாதம் எஞ்சின் விநியோகம் சில நாள் நின்றும் போயிற்று. 2009இல் சமரசம் ஏற்பட்டு, இரு நிறுவனங்களின் நெடுநாளைய டீசல் உறவு முடிவை நோக்கிற்று. வண்டி வாங்கியோர் தொடுத்த கூட்டு வழக்கு 2013இல் உடன்பாட்டுக்கு வந்தது. இதற்கிடையே எத்தனையோ உடைமையாளர் தம் கைப்பணத்தைக் கொட்டித் தலைகளை இறக்கி ஏற்றிவிட்டனர்; சிலர் நட்டத்துக்கு விற்றனர். தண்டுகள் நட்டுத் திருத்திய வண்டிகளை வைத்திருந்தோரோ, அவ்வெஞ்சினைப்போல் நல்லதில்லை என்று வாதாடவும் தொடங்கினர். அவ்வாதம் இன்றும் ஓய்ந்தபாடில்லை.

போர்ட் நிறுவனம் தானே வடிவமைத்த 6.7 லீற்றர் டேர்போ டீசல் 2011ஆம் ஆண்டு மாதிரியாக வெளிவந்தது. அதன் தலையை இறுக்கும் போல்ட்டுகள், ஒவ்வோர் உருளையையும் சுற்றி மீண்டும் ஆறு.