பெட்ரோல் போகும் வழி, தண்ணீர் வரும் வழி

மோட்டார் கார் வரலாறு என்றாலே நமக்கெல்லாம் பிஸ்டனும் குதிரைசக்தியும்தான் நினைவுக்கு வரும். எஞ்சினைப் பற்றி எழுதாத புத்தகம் இல்லை. ஆனால் பெட்ரோல் குழாயைப் பற்றியும் ரேடியேட்டர் ஹோஸைப் பற்றியும் யார் எழுதுகிறார்கள்? உச்சிவெயிலில் நடுரோட்டில் ஒரு பழைய வண்டி நின்றுவிட்டால், பானெட்டைத் திறந்து பார்க்கிறவர் முதலில் தேடுவது இந்த இரண்டையும்தான்!

நம் கல்லூரியில் என்னோடு படித்த நண்பர்கள் மூன்று பேரும் நானுமாகச் சேர்ந்து ஒரு பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரைப் புதுப்பித்தோம். பெயின்ட், சீட், குரோமியம் எல்லாம் பிறகு. முதலில் பெட்ரோல் வழியும் தண்ணீர் வழியும் சரியாகட்டும் என்று ஆரம்பித்தோம். ஒவ்வொரு பாகத்தையும் கையில் எடுக்கும்போதும் அதற்குப் பின்னால் ஒரு கதை இருப்பது தெரிந்தது. அதை இந்த மலரில் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

கதை ஜெர்மனியில் ஆரம்பிக்கிறது. கார்ல் பென்ஸ் தன் மூன்று சக்கர வண்டிக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தது 1886-ல். அதில் இன்றைய அர்த்தத்தில் ரேடியேட்டரே கிடையாது. எஞ்சினைச் சுற்றியிருந்த தண்ணீர் கொதித்து ஆவியாகிப் போகும், அவ்வளவுதான். பெட்ரோலைத் தூவும் கார்புரேட்டரும் இல்லை. திரவத்தின் மேற்பரப்பிலிருந்து எழும் ஆவியைத்தான் எஞ்சின் இழுத்துக்கொண்டது.

1888 ஆகஸ்டில் அவருடைய மனைவி பெர்தா பென்ஸ், கணவரிடம் சொல்லாமலே இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு அந்த வண்டியில் கிளம்பினார். நூறு கிலோமீட்டருக்கும் மேலான தூரம். வீஸ்லோக் ஊரில் ஒரு மருந்துக் கடையில் எரிபொருள் வாங்கினார். குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பியில் குத்தியிருந்த ஊசியை எடுத்துக் குத்திச் சரிசெய்தார். வழியெல்லாம் தண்ணீர் தேடித் தேடி ஊற்றினார். உலகின் முதல் நெடுந்தூரக் கார்ப் பயணத்திலேயே தொல்லை கொடுத்தவை எவை என்று பாருங்கள்: எரிபொருள் குழாயும் தண்ணீரும்!

1893-ல் வில்ஹெல்ம் மேபாக் பெட்ரோலைத் துளித்துளியாகத் தூவும் கார்புரேட்டரைக் கொண்டுவந்தார். தண்ணீர்ப் பிரச்னைக்கும் அவரே விடை கண்டார். 1901-ல் வந்த மெர்சிடிஸ் 35 காரில் தேன்கூடு போன்ற ரேடியேட்டர் இருந்தது. 6 மில்லிமீட்டர் சதுரக் குழாய்கள், மொத்தம் எட்டாயிரத்துக்கும் அதிகம். காற்று படும் பரப்பு பெருகியதால் கொஞ்சம் தண்ணீரே போதுமானதாயிற்று.

1908-ல் வந்த ஃபோர்டின் மாடல் டி வேறு வழியில் போனது. ஆரம்பத்தில் வந்த சில ஆயிரம் வண்டிகளைத் தவிர மற்றவற்றில் வாட்டர் பம்ப் கிடையாது. சூடான தண்ணீர் தானாக மேலே ஏறும், குளிர்ந்தது கீழே இறங்கும். பெட்ரோல் பம்பும் இல்லை. சீட்டுக்கு அடியில் இருந்த டாங்கிலிருந்து பெட்ரோல் தானே இறங்கிவரும். செங்குத்தான மேட்டில் டாங்க்கில் பெட்ரோல் குறைவாக இருந்தால் எஞ்சின் பட்டினி கிடக்கும். அதனால் வண்டியைத் திருப்பி ரிவர்ஸிலேயே மேடேற்றினார்கள்!

இனி நம்ம ஊருக்கு வருவோம். இங்கிலாந்தில் 1959-ல் வெளிவந்த டிரையம்ப் ஹெரால்டுக்கு உருவம் கொடுத்தவர் இத்தாலியரான ஜியோவானி மிக்கெலோட்டி. 1961 முதல் சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி அதைத் தயாரித்தது. 948 சி.சி. எஞ்சின். இங்கிலாந்தில் இல்லாத நான்கு கதவு ஹெரால்டு நம் ஊரில் வந்தது. 1970-களில் கெஸல் வந்தது, 1985-ல் ஸ்டாண்டர்டு 2000 வந்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் கார்த் தயாரிப்பே நின்றுபோயிற்று. ஆகவே இன்று ஹெரால்டுக்குப் பாகம் வேண்டுமென்றால் புதுப்பேட்டையில் அலைய வேண்டும், இல்லாவிட்டால் லேத்தில் கடைந்துகொள்ள வேண்டும்.

எங்கள் வண்டியின் டாங்க்கை இறக்கினோம். உள்ளே துரு. அதைக் கழுவிச் சுத்தம் செய்யாமல் புது பம்ப் மாட்டினால், ஒரே வாரத்தில் கார்புரேட்டரின் ஊசி வால்வில் துரு போய் உட்கார்ந்துகொள்ளும். அதனால் வரிசை முக்கியம்: டாங்க், குழாய், ஃபில்டர், பம்ப், கடைசியில்தான் கார்புரேட்டர். பம்ப் எஞ்சினின் கேம் தண்டால் இயங்குவது. நெம்புகோல் ஒரு டயாஃப்ரத்தை இழுக்கும், ஸ்பிரிங் திருப்பித் தள்ளும். இழுக்கிற பக்கத்தில் அழுத்தம் குறைவதால், வெயில் நாளில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகிவிடும். பம்ப் திரவத்துக்குப் பதில் ஆவியை இழுத்துக்கொண்டு திணறும். அந்தக் காலத்து டிரைவர்கள் பம்ப் மேல் ஈரத்துணி சுற்றி வைத்த ரகசியம் இதுதான். தெர்மோடைனமிக்ஸ் வகுப்பில் நாம் படித்ததை அவர்கள் படிக்காமலே செய்தார்கள்.

ஹோஸ் விஷயத்தில் எங்களுக்குள் ஒரு வாக்குவாதம். பழைய ஹோஸை விரலால் வளைத்ததுமே பொடிப்பொடியாக உதிர்ந்தது. "ஒரிஜினல் மாதிரியே துணி பின்னிய ஹோஸ்தான் போடணும்டா, இல்லன்னா அது ஹெரால்டே இல்ல" என்றான் ஒரு நண்பன். அவன் சொன்னதிலும் நியாயம் உண்டு. ஆனால் இந்த எஞ்சினில் கார்புரேட்டரும் புகை போகும் மேனிஃபோல்டும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. கசிகிற பெட்ரோல் சுடுகிற இரும்பில் சொட்டினால் என்ன ஆகும்? போதாக்குறைக்கு, இன்றைய பெட்ரோல் அன்றைய பெட்ரோல் அல்ல. 2000-ல் ஈயம் கலந்த பெட்ரோல் நாடு முழுவதும் நின்றது. 2023-ல் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்தது, 2025-ல் அதுவே பரவலாகிவிட்டது. எத்தனால் பழைய ரப்பரை ஊறவைத்துக் கெடுக்கும், ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். கடைசியில் எத்தனாலைத் தாங்கும் ஹோஸ், டயாஃப்ரம், சீல் எல்லாம் புதிதாகப் போட்டோம். கண்ணுக்குத் தெரியும் உலோகப் பாகங்களை மட்டும் பழையபடியே வைத்துக்கொண்டோம். ஒரிஜினல் என்ற பெயருக்காக உள்ளே உட்கார்கிறவர்களின் உயிரைப் பணயம் வைக்க முடியுமா?

அடுத்து தண்ணீர். ரேடியேட்டர் வேலைக்கு எழுபது வயதைத் தொட்ட ஒரு பாயிடம் போனோம். மேல் தொட்டியைச் சூடு காட்டிக் கழற்றி, ஒவ்வொரு குழாயிலும் மெல்லிய தகட்டை விட்டுக் குத்தி, மீண்டும் பற்றவைத்தார். பிறகு தண்ணீர்த் தொட்டியில் முக்கிக் காற்றடித்துக் குமிழ் வருகிறதா என்று பார்த்தார். "தம்பி, பாதிக் குழா அடைச்சிருந்தாலும் ஊர் ரோட்டுல ஓடும். மலை ஏறும்போதுதான் காட்டிக்கொடுக்கும்" என்றார். எவ்வளவு பெரிய உண்மை! குறைந்த சுமையில் தெரியாத பழுது முழுச் சுமையில்தான் தெரியும்.

சில மெக்கானிக்குகள் "நம்ம ஊர் சூட்டுக்கு எதுக்கு சார்?" என்று தெர்மோஸ்டாட்டையே கழற்றி எறிந்துவிடுவார்கள். அது தவறு. எஞ்சின் குளிர்ந்தே ஓடினால் பெட்ரோல் சரியாக ஆவியாகாமல் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயிலைக் கழுவிவிடும். தேய்மானம்தான் மிச்சம். ரேடியேட்டர் மூடியும் வெறும் மூடி அல்ல. அழுத்தம் கூடினால் கொதிநிலையும் கூடும். 7 பி.எஸ்.ஐ. மூடி போட்டால் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது, சுமார் 111 டிகிரி வரை தாங்கும். சூடான எஞ்சினில் மூடியைத் திறந்தால் அழுத்தம் சட்டென்று விடுபட்டு வெந்நீர் பீறிடுவதும் இதனால்தான். மெதுவாக ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டு, உள்ளே மாட்டிக்கொண்ட காற்று வெளியேறியபின் மீண்டும் நிரப்ப வேண்டும். குழாய்த் தண்ணீர் வேண்டாம், உப்பு படியும். நமக்கு உறைபனி இல்லாவிட்டாலும் துருவைத் தடுக்கும் கூலன்ட் அவசியம்.

இன்று படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. மின்சாரக் கார்கள் வந்தபின் இதெல்லாம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். பெட்ரோல் குழாய் ஒருநாள் மறையலாம். ஆனால் பேட்டரியும் சூடாகும்! இன்றைய மின்சாரக் கார்கள் பலவற்றில் பேட்டரியைக் குளிர்விக்கத் திரவமும் பம்பும் ரேடியேட்டரும் இருக்கின்றன. மேபாக்கின் கணக்கு இன்னும் முடியவில்லை.

அந்தப் பாயின் பட்டறையில் இப்போது வேலை கற்றுக்கொள்ள யாரும் இல்லை. அவர் மகன் வேறு தொழிலுக்குப் போய்விட்டார். பழைய வண்டியைக் காசு கொடுத்து வாங்கிவிடலாம். எந்தக் குழாயில் எவ்வளவு அழுத்திக் குத்தலாம் என்கிற கை அறிவை எங்கே போய் வாங்குவது? விடுமுறையில் ஒரு நாள் உங்கள் ஊர் ரேடியேட்டர் பட்டறைக்குப் போய் நில்லுங்கள். அவர் செய்வதைக் கேட்டு, வரைபடத்தோடு ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். நம் கல்லூரி நூலகத்தில் அந்த நோட்டுக்கு ஓர் இடம் கட்டாயம் இருக்கும்.