மலைச்சரிவும் கம்பியில்லாக் காவலரும்

கோபாலபுரம் வழியே பாலக்காட்டுச் சீமைக்கும், போடிமெட்டு ஏறி மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களுக்கும் பிழைக்கச் சென்றோர் நம்மவர். சரியும் மலைகளே பலருக்கு வீடாயின.

2005ஆம் ஆண்டு மூணாற்றின் அந்தோணியார் காலனியை மண்சரிவு தாக்கிற்று. சில ஆண்டுகளில் அதே சரிவில் அமிர்தா பல்கலைக்கழகத்தார் உணர்கருவிகளைப் புதைத்தனர். மழையளவையும், மண்ணுள் ஊறும் நீரின் அழுத்தத்தையும், நிலத்தின் நகர்வையும் அவை அளந்து, கம்பியின்றி ஒன்றுக்கொன்று கைமாற்றி, கொல்லம் மாவட்டத்து அமிர்தபுரிக்கு அனுப்பலாயின.

மின்கலமோ சிறிது, செய்தி அனுப்புவதே அதனை மிகுதியும் உண்ணும். கருவி தன் எண்களையெல்லாம் ஒப்பியாது, ‘ஆபத்து உண்டு’, ‘இல்லை’ என்று தானே முடிவு செய்து அதனை மட்டும் சொன்னாலென்ன? இவ்வினாவை 1981இல் டென்னி, சாண்டெல் என்னும் இருவர் கணிதமாக ஆராய்ந்தனர். கருவிகள் தனித்தனியே முடிவு கூறினும், ஒன்று எந்த அளவில் ஐயுற வேண்டும் என்பது மற்றதன் அளவைப் பொறுத்தது எனக் கண்டனர். ஊர்ப் பஞ்சாயத்தில் அமர்ந்த அன்பர்க்கு இது புதிதாகத் தோன்றாது.

2020 ஆகஸ்டு 6 இரவு, மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் மலை இடிந்து 70 பேர் மாண்டனர். அவருட் பலர் கயத்தாற்றுப் பக்கத்தைப் பூர்வீகமாகக் கொண்டோர். தொலைபேசித் தொடர்பு அற்றிருந்தமையால், வெளியுலகம் அதனை மறுநாட் காலையிலேயே அறிந்தது.