பாஸ்வேர்டைச் சேமிக்காதீர்கள்

கணினி பாஸ்வேர்டு பிறந்த இடத்திலேயே அதன் திருட்டும் தொடங்கிவிட்டது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஃபெர்னாண்டோ கார்பட்டோ தலைமையிலான குழு 1961-இல் சி.டி.எஸ்.எஸ். என்ற அமைப்பை இயக்கிக் காட்டியது. ஒரே கணினியைப் பலர் ஒரே சமயத்தில் பயன்படுத்த வழிசெய்த அமைப்பு அது. அவரவர் கோப்பு அவரவருக்கே என்று பிரிக்க ஆளுக்கொரு பாஸ்வேர்டு கொடுத்தார்கள். ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவருக்கு ஒதுக்கிய கணினி நேரம் அவருடைய ஆராய்ச்சிக்குப் போதவில்லை. 1962-இல் ஒருநாள், அச்சிட வேண்டிய கோப்பைக் கேட்கும் துளையட்டையில் பாஸ்வேர்டு கோப்பின் பெயரைக் குறித்துப் போட்டுவிட்டார். மறுநாள் காலை எல்லாருடைய பாஸ்வேர்டும் அச்சாகிக் காத்திருந்தது.

சில ஆண்டுகள் கழித்து அதே அமைப்பில் இன்னொரு விபத்து. எடிட்டர் மென்பொருள் தன் தற்காலிகக் கோப்புக்கு எப்போதும் ஒரே பெயரையே வைக்கும். ஒரு நிர்வாகி பாஸ்வேர்டு கோப்பையும் இன்னொருவர் அன்றைய அறிவிப்பையும் ஒரே நேரத்தில் திருத்தப்போக, இரண்டும் இடம் மாறின. லாகின் செய்தவர் ஒவ்வொருவருக்கும் அறிவிப்புக்குப் பதிலாக பாஸ்வேர்டு பட்டியல் வந்து விழுந்தது. இரண்டு சம்பவத்திலும் யாரும் எந்தப் பூட்டையும் உடைக்கவில்லை. பாஸ்வேர்டைப் படிக்கும்படி எழுதி வைத்ததுதான் வினை.

இதற்கு மருந்தை இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ரோஜர் நீதம் கண்டார். பாஸ்வேர்டை அப்படியே வைக்காமல், ஒருவழிக் கணக்கில் போட்டு, வந்த விடையை மட்டும் வைத்துக்கொள்வது அவர் யோசனை. மாவிலிருந்து அரிசியைத் திரும்ப எடுக்க முடியாது அல்லவா, அப்படி. இன்று இதை ஹாஷ் என்கிறோம். லாகினின்போது தட்டியதை மறுபடி அதே கணக்கில் போட்டு விடையை ஒப்பிட்டால் போதும்.

யூனிக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கிய பெல் லேப்ஸில் ராபர்ட் மோரிஸும் கென் தாம்சனும் இதை மேலும் கெட்டிப்படுத்தி 1979-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அவர்கள் திரட்டிய 3,289 பாஸ்வேர்டுகளில் 86 சதவீதம் எளிதில் கண்டுபிடிக்கக்கூடியவை. ஒற்றை எழுத்தையே பாஸ்வேர்டாக வைத்தவர்கள் 15 பேர்! அவர்கள் சொன்ன தீர்வு இரண்டு. ஒன்று, கணக்கை வேண்டுமென்றே மெதுவாக்குவது; அதற்காக டி.இ.எஸ். என்ற குறியாக்க முறையை 25 தடவை திரும்பத் திரும்ப ஓட்டினார்கள். மற்றொன்று சால்ட். ஒவ்வொரு பாஸ்வேர்டோடும் 4,096-இல் ஏதோ ஓர் எண்ணைச் சேர்த்தால், இருவர் ஒரே பாஸ்வேர்டு வைத்திருந்தாலும் விடை பெரும்பாலும் வேறுபடும்.

1988 நவம்பர் 2-ஆம் தேதி இணையத்தை நிலைகுலைய வைத்த புழுநிரலை எழுதியவர் அதே மோரிஸின் மகன். அது நுழைந்த வழிகளில் ஒன்று பாஸ்வேர்டை ஊகிப்பது. அன்றைய யூனிக்ஸில் ஹாஷ் கோப்பு எல்லாரும் படிக்கும்படி இருந்ததால், 432 சொற்கள் கொண்ட தன் பட்டியலை வைத்து ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்க்க அதனால் முடிந்தது. கணினிகள் வேகமெடுக்க எடுக்கக் கணக்கையும் கடினமாக்கிக்கொள்ள இடம்தரும் பிகிரிப்ட் என்ற ஹாஷ் முறை 1999-இல் வந்தது. 2015-இல் பாஸ்வேர்டு ஹாஷ் போட்டியில் ஆர்கான்2 வென்றது.

இத்தனைக்கும் பிறகு, 2009-இல் ராக்யூ நிறுவனத்திலிருந்து கசிந்த 3.2 கோடி பாஸ்வேர்டுகளும் வெறும் எழுத்தாகவே இருந்தன. உள்ளே போன வழி, பயனர் தட்டும் எழுத்தைத் தரவுத்தளக் கட்டளையாகவே ஓடவைக்கும் எஸ்.க்யூ.எல். இன்ஜெக்‌ஷன். 2012-இல் லிங்க்ட்இன்னிலிருந்து களவுபோனவை ஹாஷ்தான், ஆனால் சால்ட் இல்லை. 1979-இல் சொல்லி முடித்த பாடம் அது.

கோவை வட்டாரத்துச் சிறு நிறுவனங்களுக்குச் சம்பளக் கணக்கும் பில்லிங்கும் எழுதிக் கொடுப்பது என் தொழில். பழைய மென்பொருள் எதையாவது பராமரிக்கக் கொடுத்தால் பயனர் அட்டவணையைத்தான் முதலில் திறப்பேன். முதலாளி, கணக்காளர், கிடங்கு மேற்பார்வையாளர் என வரிசையாகப் பெயர்கள். பக்கத்து நெடுவரிசையில் பிள்ளைகளின் பெயரும் பிறந்த ஆண்டுமாகப் பாஸ்வேர்டுகள் பளிச்சென்று தெரியும். தினசரி பேக்கப் போகும் பென்டிரைவ் யார் கையில் சிக்கினாலும் அத்தனையும் போச்சு. அதே பாஸ்வேர்டைத்தான் அந்தக் கணக்காளர் தன் மின்னஞ்சலுக்கும் வைத்திருப்பார். நம் அலட்சியத்துக்கு அவர் ஏன் விலை கொடுக்க வேண்டும்?

அதனால் இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் தம்பி தங்கைகளுக்குச் சொல்கிறேன். ஹாஷ் முறையை நீங்களே கண்டுபிடிக்கப் போகாதீர்கள். ஆர்கான்2, பிகிரிப்ட் இரண்டுக்கும் நன்கு சோதித்த நூலகங்கள் இலவசமாகவே இருக்கின்றன. பழைய ஹாஷ் முறைகளான எம்.டி.5, எஸ்.எச்.ஏ.-1 இரண்டும் இந்த வேலைக்கு ஆகாது. பயனர் தட்டியதை எஸ்.க்யூ.எல். வரியில் ஒட்டாமல் பாராமீட்டராக அனுப்புங்கள். "பாஸ்வேர்டு மறந்துவிட்டது" என்பவருக்குப் பழையதை அனுப்ப முடிகிறது என்றால் உங்கள் மென்பொருள் தவறு. சீக்கிரம் காலாவதியாகும் இணைப்பை அனுப்பிப் புதியதை வைக்கச் சொல்லுங்கள். மாதாமாதம் மாற்றச் சொல்லி வாட்டாதீர்கள். அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட்டே 2017-இல் அதைக் கைவிடச் சொல்லிவிட்டது. நீளமான பாஸ்வேர்டை அனுமதியுங்கள், ஏற்கெனவே கசிந்தவற்றை மறுத்துவிடுங்கள். வாடிக்கையாளர் இதையெல்லாம் கேட்க மாட்டார், கேட்கவும் அவருக்குத் தெரியாது. கேட்காமலே செய்து கொடுப்பது நம் கடமை.